டிரைவர் நெட்ரா சைக்கிள் ஏறினாள்

நெட்ரா ஸ்டில்சன் ஐம்பத்தொன்பது வயதில் சைக்கிள் வாங்கிவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது வாயில் இருந்த முட்டையைத் துப்பிவிட்டேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே துப்பினேன். ரூபி ஓட்டலில், காலை ஆறரை மணிக்கு, நாலு பேர் பார்க்க. மேசை துடைக்கிற துணியை ரூபி என் மூஞ்சியிலேயே விட்டெறிந்தாள்.

இதில் துப்புவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் சைக்கிள் இல்லாத வீடு கிடையாது. யூட்டாப் பாலைவனத்தில், முன்னே யுரேனியம் தோண்டிய ஊர். அது படுத்த பிறகு, தடித்த டயர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வெளியூர்க்காரன் வந்தான். பாறை மேல் ஓட்டினான், விழுந்தான், பல்லை உடைத்துக்கொண்டான், "ஆகா, சொர்க்கம்!" என்றான். அன்றிலிருந்து எங்களுக்கு அதுதான் சோறு. ஆனால் நெட்ரா சைக்கிள்காரி இல்லை. அவள் வண்டிக்காரி.

விளிம்புப் பாதை என்று ஒன்று இருக்கிறது. மேலே ஆயிரம் அடிச் சுவர், கீழே ஆயிரம் அடிப் பள்ளம், நடுவில் ஒரு திட்டு. அந்தத் திட்டின் ஓரத்திலேயே நூறு மைல் மண் பாதை. நாலு நாள் மிதித்து, மூன்று ராத்திரி கூடாரத்தில் படுத்து எழுந்து சுற்றி வர வேண்டும். வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. அதனால் சைக்கிள் கூட்டத்துக்குப் பின்னாலேயே ஒரு பிக்கப் வண்டி ஊர்ந்து வரும். குடிக்கத் தண்ணீர், கூடாரம், வார்ப்பிரும்புச் சட்டி, கரி, பீர், உடைந்த சைக்கிள், உடைந்த ஆள், எல்லாம் அதில்தான். கக்கூஸ் பெட்டியும் அதில்தான். அங்கே குழி தோண்டிப் போய்விட்டு வர முடியாது, சட்டம் விடாது. போனதை எல்லாம் இரும்புப் பெட்டியில் அடைத்து ஊருக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஓஹையோவிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் வருகிற பெரிய மனிதர்களின் நாலு நாள் சரக்கை இருபத்திரண்டு வருஷமாக முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டியவள் நெட்ரா.

முந்நூறு தடவைக்கு மேல் அந்தப் பாதையைச் சுற்றியிருக்கிறாள். ஒரு தடவைகூடச் சைக்கிளில் இல்லை. மணிக்கு ஆறு மைல் வேகம், முன்னால் போகிறவர்களின் புழுதி முழுக்க இவள் வாயில். சாயங்காலம் வந்து சேர்ந்ததும் சமையலும் இவள்தான். வழிகாட்டிகளான நாங்கள் அதற்குள் சட்டையைக் கழற்றிப் போட்டுப் பாறையில் சாய்ந்து, இன்று யார் எந்த மேட்டை எப்படி ஏறினோம் என்று பீற்றிக்கொண்டிருப்போம். நானும் ஒருத்தன்தான். பெயர் வெர்ல். வயது ஐம்பத்துநாலு. வாய் நீளம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நெட்ராவின் அப்பா சுரங்கத்தில் துளை போடுகிறவர். ஐம்பத்தோராவது வயதில் நுரையீரல் போய்ச் செத்தார். இவள் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுத் துளை போடும் இடங்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டினாள். பத்தொன்பதில் தேய்னைக் கட்டிக்கொண்டாள். தேய்ன் டயர் கடைக்காரன், சர்ச்சில் முன்வரிசை ஆள். பதினேழு வருஷம் குடித்தனம். ஒருநாள் காலையில் முழங்காலிட்டு எழுந்தவன், கடவுள் தன்னோடு பேசினார் என்றிருக்கிறான். என்ன சொன்னார் என்று இவள் கேட்டாள். பக்கத்து ஊர் கணக்குப்பிள்ளைப் பெண் டோனாவோடு குடும்பம் நடத்தச் சொன்னாராம். "அவரு எங்கிட்ட வேற சொன்னாரே" என்று சொல்லிவிட்டு நெட்ரா அவனுடைய துணிமணிகளைக் கடையின் டயர் அடுக்கு மேல் ஒவ்வொன்றாகக் காயப்போட்டுவிட்டு வந்தாள். அப்புறம்தான் விளிம்புப் பாதைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிற எங்கள் கம்பெனியில் சேர்ந்தாள்.

அப்படிப்பட்டவள்தான் சைக்கிள் வாங்கினாள். ஏன் என்றால், முழங்கால். இடது முழங்கால் தேய்ந்துவிட்டது, குளிர்காலத்தில் வெட்டித் திறந்து உலோகம் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மேடு ஏற முடியுமா என்று கேட்டாளாம். அவர் ஜன்னலைப் பார்த்தாராம்.

"அக்டோபர்ல நான் சைக்கிள்ல போறேன்" என்றாள் ரூபி ஓட்டலில், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. "முழு நூறு மைல். பன்றிமுதுகு உட்பட. கால் ஊனாம."

பன்றிமுதுகு என்பது மூன்றாம் நாள் வருகிற ஏற்றம். ஒரு பாறை முகட்டின் முதுகில் செங்குத்தாகக் கிறுக்கிவிட்ட பாதை. அதைக் கால் தரையில் படாமல் ஏறினவன்தான் விளிம்புப் பாதையை ஓட்டினவன். நடுவில் ஒரே ஒரு முறை கால் ஊன்றினாலும் அவன் சுற்றிப் பார்க்க வந்தவன், அவ்வளவுதான். இது எழுதாத சட்டம். எங்கள் ஊரில் எழுதின சட்டத்தைவிட இதற்குத்தான் மரியாதை.

"இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?" என்றேன் நான்.

"இருபத்திரண்டு வருஷமா உங்க பின்பக்கத்தைப் பார்த்துக்கிட்டே வர்றேன், வெர்ல். ஒரு தடவை முன்னாடி என்ன இருக்குன்னு பார்க்கணும்."

ஓட்டல் முழுக்கச் சிரித்தது. தேய்னும் அங்கேதான் இருந்தான், மூலை மேசையில். காபி குடிக்காத மதம். கொக்கோவை உறிஞ்சிக்கொண்டே, "ரெண்டாம் நாள் மத்தியானம் திரும்ப வண்டியில ஏறிடுவா பாரு" என்றான். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "அப்போ வண்டியை யாரு ஓட்டுவா?" என்று யாரோ கேட்டதற்கு, "அது என்ன பெரிய வித்தையா? ஆறு மைல் வேகத்துல பெடலை அழுத்தத் தெரிஞ்சா போதாதா?" என்று சொல்லித் தொலைத்தேன்.

எங்கள் முதலாளி டானெல் முப்பத்தெட்டு வயசுக்காரி, கண்ணில் ஒன்றும் தப்பாது. முட்கரண்டியைக் கீழே வைத்தாள். "ரொம்ப சந்தோஷம் வெர்ல். அக்டோபர் பயணத்துக்கு நீங்கதான் டிரைவர்."

எட்டு மாதம் நெட்ரா பழகினாள். விடிகாலை ஐந்து மணிக்கு ஊர்க் குப்பைமேட்டு ஏற்றத்தில் போவாள், வருவாள். அப்போதும் சும்மா இருந்தாளா? ஞாயிற்றுக்கிழமை காலையில், சர்ச் விடுகிற நேரம் பார்த்து, தோலோடு ஒட்டின கறுப்பு அரைக்கால் சட்டையோடு வந்து சர்ச் வாசல் வேகத்தடையில் விழுந்தாள். பிஷப் ஓடி வந்து தூக்கினார். எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியாமல் மனிதர் திண்டாடியதை ஊர் இன்னும் பேசுகிறது. "சகோதரி நெட்ரா, உங்களுக்கு உதவி வேணுமா?" என்றார். "ஆமா பிஷப், அந்த வேகத்தடையை எடுங்க" என்றாள்.

அக்டோபர் வந்தது. ஒன்பது வாடிக்கையாளர்கள், வழிகாட்டியாக டானெல், சைக்கிளில் நெட்ரா, வண்டியில் நான்.

முதல் நாளே புரிந்துவிட்டது. வண்டி ஓட்டுவது பெடலை அழுத்துகிற வேலை இல்லை. ஸ்டீயரிங் ஒவ்வொரு கல்லுக்கும் கையை முறுக்குகிறது. முதுகுத்தண்டு ஒவ்வொரு கணுவாகக் கழன்று போகிறது. கண்ணாடியைத் திறந்தால் புழுதி, மூடினால் அடுப்பு. பேச்சுத் துணைக்கு ஒரு ஜீவன் இல்லை. சாயங்காலம் முகாமுக்கு வந்து சேர்ந்தால் அத்தனை பேரும் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாறையில் சாய்ந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் எல்லார் வாயிலிருந்தும் ஒரே கேள்வி: "சாப்பாடு எப்போ?" எனக்கு வந்த கோபத்துக்குக் கணக்கே இல்லை. அதே கேள்வியை நான் எத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

இரும்புச் சட்டியில் உருளைக்கிழங்கும் பன்றி இறைச்சியும் அடுக்கிப் பாலாடைக்கட்டி போட்டேன். மூடி மேல் எத்தனை கரி, அடியில் எத்தனை கரி என்று ஒரு கணக்கு உண்டு. நான் தலைகீழாக வைத்துவிட்டேன். மேலே பச்சை, கீழே தார். நெட்ரா ஒரு வாய் மென்று பார்த்தாள்.

"பரவால்ல," என்றாள். "பாதையைச் செப்பனிட உபயோகப்படும்."

லோவெல் என்று ஒரு பல் டாக்டர் வந்திருந்தார். ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு வயது, ஓஹையோ. நல்ல மனுஷன், ஆனால் ஒவ்வொரு ஐந்து மைலுக்கும் ஒன்றுக்குப் போக வேண்டும். அன்று பாதையை விட்டு ஒதுங்கிக் கறுப்பு மண்ணில் கால் வைக்கப் போனார். பொருக்குத் தட்டி, கருகின ரொட்டி மாதிரி தெரியும் அந்த மண். அதற்கு உயிர் இருக்கிறது. ஒரு மிதி மிதித்தால் திரும்ப வளர ஐம்பது வருஷம் ஆகும். எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு நடை பழக்கும்போதே சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

"டாக்டர்! காலை எடுங்க!" என்று நெட்ரா போட்ட சத்தத்தில் மனிதருக்கு வந்தது நின்றேபோனது.

"வெக்கமா இருக்கும்மா, மறைவா..."

"பாதை நடுவுல நின்னு போங்க. நாங்க எல்லாம் வானத்தைப் பார்த்துக்கிறோம்."

மற்ற பதினொரு பேரும் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இரண்டாம் நாள்தான் மோசம். இருபத்தேழு மைல். மணல் குழிகள். நெட்ரா எல்லாருக்கும் கடைசி. நான் அவளுக்குப் பின்னால் ஊர்ந்தேன். முழங்கால் வீங்கி, கட்டின துணிக்கு மேல் பிதுங்கிக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டின்போது ஐஸ் பெட்டியிலிருந்து பீர் டப்பாவை எடுத்து முட்டியில் வைத்துக்கொண்டாள். யூட்டா பீர், பாதித் தண்ணீர். அதைக் குடிப்பதைவிட முட்டியில் வைத்தால்தான் கொஞ்சமாவது பிரயோஜனம்.

டானெல் பக்கத்தில் குந்தினாள். "நெட்ரா, மத்தியானத்துக்கு மட்டும் வண்டியில ஏறிக்கோங்களேன். நாளைக்கு ஏத்தத்துக்குக் காலு வேணும்ல?"

"தேய்ன் ரெண்டாம் நாள் மத்தியானம்னு சொன்னான்ல?"

"அவன் கிடக்கிறான்."

"அவன் கிடக்கட்டும். ஆனா வண்டியில ஏறினா அவன் சொன்னது நடந்ததா ஆயிடும்" என்று எழுந்துவிட்டாள். எழும்போது வலியில் முகம் கோணியதைப் பார்த்தேன். அன்று முழுக்க அவள் ஒரு தடவைகூடப் பாட்டு முணுமுணுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது ஓயாமல் முணுமுணுப்பவள். பேசாமல் வண்டியில் ஏற்றிப் போட்டுக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பன்றிமுதுகின் அடிவாரம். எல்லாரும் தண்ணீர் நிரப்பிக்கொண்டார்கள். டானெல் முதலில் போனாள், மற்றவர்கள் பின்னால். பாதி பேர் பாதி வழியிலேயே கால் ஊன்றி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நெட்ரா கடைசியாக நின்றாள். எங்கள் முறைப்படி, மெதுவாகப் போகிற ஆளுக்கு முன்னால் வண்டி போய்விட வேண்டும். வண்டி ஏற்றத்தில் நிற்கக் கூடாது என்பதற்காக.

"நீ முன்னாடி போ வெர்ல்," என்றாள். "நடுவுல நிறுத்தாத. எதுக்கும் நிறுத்தாத. நிறுத்தினா போச்சு."

"தெரியும்மா, எனக்குச் சொல்ல வந்துட்டா!"

உள்ளே இருக்கிற குட்டைக் கியர் குச்சியை இழுத்து, நாலு சக்கரமும் இழுக்கிற கியரில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, அருமையாகப் போயிற்று. கையைத் தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்றாவது வளைவில் பாதைக்குக் குறுக்கே பாறைப் படி ஒன்று உண்டு, முழங்கால் உயரம். முன்சக்கரங்கள் தட்டுத் தடுமாறி எப்படியோ ஏறின. பின்சக்கரங்கள் படியில் முட்டி நின்று, சுழன்று, கல்லை வாரி இறைத்தன. ரப்பர் நாற்றம். வண்டி ஒரு முழம் பின்னால் வழுக்கியது. பிரேக்கில் காலை வைத்து அழுத்தினேன்.

என் பக்கக் கதவைத் திறந்தால் பள்ளம். எட்டிப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. கைப்பிரேக் போன வருஷமே செத்துவிட்டது. காலை எடுத்தால் வண்டி பின்னால் போகும். ஆறு பீப்பாய் தண்ணீர், கூடாரம், கக்கூஸ் பெட்டி, நான், எல்லாம் சேர்ந்து பள்ளத்தடி ஆற்றில் போய் விழ வேண்டியதுதான். என் சாவுச் செய்தியில் அந்தப் பெட்டியைப் பற்றியும் போடுவார்களே என்று வேறு தோன்றியது. ஹார்னை அடித்தேன். நிறுத்தாமல் அடித்தேன்.

நல்லவேளை, லோவெல் அந்த வளைவுக்குச் சற்று மேலேதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தார். சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் திரும்பி இறங்கி வந்தார்.

"ஏதாவது உதவி வேணுமா?"

"கல்லு! பின்சக்கரத்துக்கு அடியில கல்லு வைங்க டாக்டர்! பெருசா!"

அவர் ஓடி ஓடிக் கல் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கவாட்டுக் கண்ணாடியில் நெட்ரா தெரிந்தாள். கீழ் வளைவைத் திரும்பி வருகிறாள். மிகச் சின்ன கியரில் மிதிக்கிறாள், நடக்கிறவன் தாண்டிப் போய்விடுவான், அவ்வளவு மெதுவாக. வாய் திறந்திருக்கிறது. முகம் பீட்ரூட் நிறம். ஆனால் கால் பெடலில்தான் இருக்கிறது, இரண்டு காலும்.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். "நெட்ரா! வந்து வண்டியை எடு! என்னால ஆகல!"

அவளுக்கும் மலைச்சுவருக்கும் நடுவில்... இல்லை, வண்டிக்கும் மலைச்சுவருக்கும் நடுவில் இரண்டரை அடி இடம். இறங்குவாள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வண்டி சிக்கினால் நெட்ரா பார்த்துக்கொள்வாள், அதுதானே வழக்கம். அவள் ஹாண்டிலைத் திருப்பி அந்த இடுக்கில் நுழைந்தாள். முழங்கை வண்டியில் உரசுகிற சத்தம் கேட்டது. முன்சக்கரத்தைக் குனிந்து ஒரு பார்வை பார்த்தாள்.

"ஹப்பை..." மூச்சு. "பூட்டல..." மூச்சு. "முட்டாப்பயலே!"

"நெட்ரா, நில்லு!"

"மாட்டேன்!"

பாறைப் படியில் முன்சக்கரத்தைத் தூக்கி வைத்தாள். பின்சக்கரம் இடித்தது, ஆடியது, ஏறியது. போயே போய்விட்டாள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அப்புறம் அவளைத் திட்டினேன். என் அம்மா கேட்டிருந்தால் சோப்புப் போட்டு வாயைக் கழுவியிருப்பாள்.

ஹப்! அது பழைய வண்டி. உள்ளே குச்சியை இழுத்தால் மட்டும் முன்சக்கரம் இழுக்காது. இறங்கிப் போய் முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் இருக்கிற குமிழைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அடிவாரத்தில் நெட்ரா இறங்கி, ஒரு பக்கம் குனிந்துவிட்டு, சுற்றி வந்து மறுபக்கமும் குனிவதைப் பார்த்திருக்கிறேன். ஏற்றத்துக்கு முன்னால் ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்திருந்தேன். நம்ப மாட்டீர்கள், இன்னொரு வழிகாட்டியிடம் அப்படிச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

"டாக்டர், சக்கரத்து நடுவுல ஒரு குமிழ் இருக்கா? அதைத் திருகுங்க!"

வலதுபக்கம் சுலபமாகத் திருகிவிட்டார். இடதுபக்கம் பள்ளத்தின் ஓரம். மட்கார்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, பல் பிடுங்குகிற மாதிரியே ஒரு முறுக்கு முறுக்கினார். டக் என்று விழுந்தது.

மெதுவாகக் கிளட்சை விட்டேன். நாலு சக்கரமும் பிடித்தன. வண்டி படியில் ஏறியது. அவ்வளவுதான். இத்தனை நேரம் ஆட்டம் காட்டியது, எருமை மாதிரி சாதுவாக நடந்தது.

கடைசி நேர் ஏற்றத்துக்குத் திரும்பினால், எனக்கு முன்னால் நெட்ரா. உச்சிக்கு இன்னும் நாற்பது அடி இருக்கும். பாதை ஒரு வண்டி அகலம்தான். அவள் இடமும் வலமுமாக அலைகிறாள். இடதுகால் பெடலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் உடம்பே கோணுகிறது. நான் அவளை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். எதற்கும் நிறுத்தாதே என்று சொன்னவள் அவள்தான். நிறுத்தினால் மறுபடியும் வழுக்கலாம். நிறுத்தாவிட்டால் என் எஞ்சின் சத்தம் அவள் முதுகில் ஏறும், பயந்து கால் ஊன்றிவிடுவாள். எட்டு மாதம், வீங்கின முட்டி, எல்லாம் அந்த நாற்பது அடியில் போய்விடும்.

நிறுத்தினேன். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தேன். மேலே எல்லாரும் முகட்டில் வரிசையாக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு இடத்தில் அவள் சுத்தமாக நின்றேவிட்டாள். சைக்கிள் ஒரே இடத்தில் நடுங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று வினாடி. "மிதி! மிதிடி!" என்று நான் உள்ளே இருந்து அலறினேன். அவளுக்குக் கேட்டிருக்காது. அப்புறம் சக்கரம் அரைச்சுற்றுச் சுற்றியது. இன்னொரு அரைச்சுற்று. முகட்டைத் தாண்டி அவள் தலை மறைந்தது, மேலே இருந்தவர்கள் கையைத் தூக்கிக் குதித்தார்கள்.

நான் ஸ்டீயரிங் மேல் தலையை வைத்து அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்? அழுதேன்.

வண்டி மறுபேச்சில்லாமல் மேலே ஏறியது. நெட்ரா பாறையில் மல்லாந்து கிடந்தாள், சைக்கிள் இன்னும் கால்களுக்கு நடுவில். மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன, சிரித்துக்கொண்டும் இருந்தாள். டானெல் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் நான் கிட்டே போனேன். சந்தோஷம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம்.

"ஏன் நிக்கல நீ? வண்டி சரிஞ்சிருந்தா என் கதி என்ன?"

"சரியாது. டாக்டர் வச்ச கல்லு நல்ல கல்லு. பார்த்துட்டுதான் போனேன்."

"நான் உனக்காக நடு ஏத்தத்துல நிறுத்தினேன், தெரியுமா?"

"தெரியும். சத்தம் நின்னுச்சு. நன்றி."

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே. "கூப்பிட்டா ஒரு நிமிஷம் நிக்கக் கூடாதா? நானா இருந்தா நின்னிருப்பேன்" என்றேன்.

நெட்ரா முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். கோபம் ஒன்றும் இல்லை முகத்தில். "என்னோட மொத வருஷம்," என்றாள், "இதே மூணாவது வளைவு, அதே படி. அப்ப எனக்கும் ஹப்பைப் பத்தித் தெரியாது, யாரும் சொல்லித் தரல. ஒண்ணரை மணி நேரம் பிரேக்குல கால வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஹார்ன் அடிச்சேன். அடிச்சுக்கிட்டே இருந்தேன்."

எனக்கு ஞாபகம் இருந்தது. இல்லாமல் போயிருந்தால் தேவலை. நாங்கள் ஐந்து பேர் இந்த முகட்டில்தான் உட்கார்ந்து ஹாம் வைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். கீழிருந்து ஹார்ன் கேட்டுக்கொண்டே இருந்தது. போய்ப் பார்க்கலாமா என்று ஒருத்தன் கேட்டான். 'அவ டிரைவர், அது அவ வேலை' என்று சொன்னது நான். எல்லாரும் சிரித்தார்கள்.

"கேட்டுச்சு" என்றேன்.

"கேட்டிருக்கும்னு தெரியும்."

"மேல வந்தப்ப நீ ஒண்ணுமே சொல்லலையே?"

"சாப்பாடு எப்போன்னு கேட்டீங்க. சமைக்கப் போயிட்டேன்." சைக்கிளைக் காலிலிருந்து விலக்கி வைத்தாள். "அன்னிக்கு ஒருத்தன், ஒரே ஒருத்தன் எறங்கி வந்திருந்தா, இன்னிக்கு நான் சைக்கிளை விட்டு எறங்கியிருப்பேன், வெர்ல்."

ஐம்பத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன். "மன்னிச்சுக்கோ" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். சட்டை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பாறையில் மறுபடியும் சாய்ந்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டாள்.

"சாப்பாடு எப்போ?" என்றாள்.

நான் வண்டிக்குப் போய்க் கரி மூட்டையை இறக்கினேன்.